காயாத சுவர்

“நாளைக்கு வீடு பார்க்க வர்றவங்ககிட்ட சொல்லிடுங்கப்பா... இந்த ரூம்லதான் அந்த பெயிண்டர் செத்தார்னு.”

இதை மட்டும் அப்பாவிடம் பேசவே கூடாது என்று ஐந்து வருடமாக அம்மா சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். மகள் பேசிவிட்டாள்.

அவள் என் தோழியின் அக்கா. பரம்பரையிலேயே முதல் பட்டம் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘டிகிரி’ என்றே பெயர். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். “என்னம்மா டிகிரி, டீ ஆறிப்போச்சு” என்கிற மாதிரி. இருக்கிற ஒரே போர்வையை ஒருத்தியே இழுத்துக்கொள்ளாமல், எல்லோரும் கதையைக் கேளுங்கள்.

மாலை ஆறரை. சீசன் முடிந்த மலையூர். கடைகளுக்கெல்லாம் ஷட்டர் போட்டாயிற்று. மேலே ஏறும் சாலையில் ஏழு வளைவு, ஒரே ஒரு தெருவிளக்கு... அதையும் மூடுபனி தின்றிருந்தது. சாலை முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. மாடியறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தார்கள். இப்போது விற்கப் போகிறார்கள். விற்றால் அவள் மேல்படிப்புக்குப் போகலாம் என்பது அப்பாவின் வாக்கு. விற்காவிட்டால் காலம் முழுக்க எவனோ படுத்த பெட்ஷீட்டை ஐஸ் தண்ணீரில் அலச வேண்டியதுதான்.

ஆகவே அந்த வீட்டை விற்க அவளைவிட அவசரம் யாருக்கும் இல்லை. குளியலறைக் கறையை ஆசிட் ஊற்றித் தேய்த்தாள். கூரைப் பாசியைச் சுரண்டினாள். இப்போது வேலைக்கு வந்திருந்த பெயிண்டர் அண்ணனோடு நின்று, பூஞ்சை பிடித்த சுவர்களை உப்புத்தாள் போட்டு இழைத்தாள். எல்லாச் சுவரும் காய்ந்தது. மாடியில் கடைசி அறை மட்டும் காயவில்லை.

முதல் நாள் பெயிண்ட் அடித்து, பனி வராமல் ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டாள். காலையில் ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. சுவரில் தண்ணீர் கோடு கோடாக.

“ஏன் டிகிரி, காலேஜ்ல ஜன்னல் சாத்தச் சொல்லித் தரலியா?” என்றார் அப்பா.

இரண்டாம் நாள் அறைக் கதவையும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தாள். காலையில்... திறந்து கிடந்தது. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. பயமா? பயப்பட நேரம் வேண்டாமா? மறுபடி உப்புத்தாள். மறுபடி பிரஷ்.

மூன்றாம் நாள் அப்பாவே ஆணி அடித்தார். மறுநாள் காலையில் அத்தனை ஆணியும் ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுகூட வளையவில்லை. ஜன்னலுக்குக் கீழே, ஈரப் பெயிண்டில், நாலு விரல் தடம். நிற்கிறவன் கை வைக்கிற உயரத்தில் இல்லை. முழங்கால் உயரத்தில். தரையிலிருந்து மேலே போய்... எட்டாமல்... வழுக்கி இறங்கியிருந்தது. நகம் பட்ட இடத்தில் காரை பெயர்ந்திருந்தது.

அப்பா அதன் மேல் பட்டி பூசி மறைத்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான். சீசன் நெருங்குகிறது, சுவர் காயவில்லை என்று அந்த அறைக்குள் கரியடுப்பை வைத்து, எல்லாவற்றையும் அடைத்து, அப்போதிருந்த பெயிண்டரை உள்ளேயே படுக்கச் சொன்னார் அப்பா. காலையில் சுவர் காய்ந்திருந்தது. ஆள் ஜன்னலுக்கு அடியில் கிடந்தார். ஹார்ட் அட்டாக் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது. இவளும் நம்பினாள், கல்லூரியில் வேதியியல் வகுப்பில் உட்காரும் வரை. மூடிய அறையில் எரிகிற கரியிலிருந்து வரும் விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாதாம். தூக்கம் மாதிரி வருமாம்.

நாலாம் நாள் மாலை. வாங்குகிறவர்கள் கீழே லாட்ஜுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கு இங்கே இருப்பார்கள். சுவரைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. சரியாக ஆறரைக்கு அப்பா மாடியேறி வந்தார். கையில் கரியடுப்பு. கங்கு சிவந்திருந்தது.

“ஜன்னல் இடுக்கெல்லாம் சாக்கு அடைச்சுட்டேன்,” என்றார் பெயிண்டர் அண்ணனிடம். “நீ உள்ளேயே படு. அடுப்பு அணையாமப் பார்த்துக்க. விடிஞ்சா சுவர் கல்லாட்டம் இருக்கும்.”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

“வாயை மூடு. அது ஹார்ட் அட்டாக்.”

“ஹார்ட் அட்டாக் வந்தவர் எதுக்குப்பா ஜன்னல் வரைக்கும் தவழ்ந்து போனார்?”

பெயிண்டர் அண்ணன் அடுப்பைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். “சார்... சுவர்ல ஓதம் அடிக்குது, ஈரம் காயலைன்னு மட்டும்தானே சொன்னீங்க?”

படியில் நின்ற அம்மா குரலைத் தாழ்த்தினாள். “உனக்காகத்தான்டி விக்கறார். உன் படிப்புக்காக.”

“இன்னொருத்தர் உசிரை எடுத்துத்தான் நான் படிக்கணுமாம்மா?”

“இந்த வீடு விக்கலேன்னா நீ சாகற வரைக்கும் பெட்ஷீட் துவைக்க வேண்டியதுதான். யோசிச்சுப் பேசு,” என்றார் அப்பா.

“துவைக்கிறேன்.”

வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் கொட்டினாள். சொர்ர்ர்... சாம்பல் வாடை மூக்கில் ஏறியது. “அண்ணே, நீங்க கிளம்புங்க,” என்று அவள் திரும்புவதற்குள் பெயிண்டர் அண்ணன் பாதிப் படி இறங்கியிருந்தார்.

அவள் காலில் ஷூ இருப்பதை அப்பா அப்போதுதான் கவனித்தார். ஆறு மணிக்கே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்கடி போறே?”

“லாட்ஜுக்கு.”

கேட்டைத் திறந்தாள். சாலையில் இறங்கினாள். டார்ச் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகவில்லை. முதல் வளைவு தாண்டியதும்... இடது தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு இழுத்தார்கள். நீளமாக. ரொம்ப நேரம் தண்ணீருக்குள் கிடந்தவன் மேலே வந்து இழுப்பானே... அப்படி.

அவள் திரும்பவில்லை. நடையையும் குறைக்கவில்லை.

“வாங்கண்ணே,” என்றாள். “நீங்களே சொல்லிடுங்க.”

குளிரில் அவள் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பக்கத்தில் கூடவே இறங்கிய மூச்சு மட்டும்... கறுப்பாக இருந்தது.