இடக்கை மருந்து

மேசை விளக்கைச் சற்றுத் திருப்பி வைத்தால் நல்லது, ஐயா. கண் கூசுகிறது. வெளிச்சத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

எங்கள் ஆய்வகத்தில் மருந்துக்கு இரண்டு சோதனை. பக்கத்து அறைக்காரர் ஒரு கருவியில் மூலக்கூறின் எடையை அளப்பார். அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவோம். நான் என் அறையில் அதே மாதிரிக் கருவிக்குள் சுழலும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, மூலக்கூறு வலக்கையா இடக்கையா என்று பார்ப்பேன். கையுறை மாதிரிதான், இரண்டும் ஒரே எடை, மாற்றிப் போட முடியாது. நீங்கள் விசாரிக்கும் இந்த மருந்தில் வலக்கை வகை நரம்பைத் தேற்றும். இடக்கை வகை மூச்சை நிறுத்தும்.

போன கூட்டத்தில் இயக்குநர் என் அறையை மூடப்போவதாகச் சொன்னார். தராசு எனக்காகப் பேசுவார் என்று காத்திருந்தேன்.

"எடை சரியா இருந்தா போதும் சார். வெளிச்சம் போட்டுப் பாக்கறதெல்லாம் சும்மா பந்தா," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தராசு என் வீட்டில் எத்தனையோ முறை கை நனைத்தவர். அன்றிலிருந்து, நடையில் இரண்டு பேர் நின்று பேசினால் அது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து வந்தது இந்த மருந்து. அதைத் தராசு எடை பார்த்து அனுப்பிவிட்டார். மிச்சமிருந்ததை நான் யாரும் கேட்காமலே ஒளியில் வைத்தேன். முழுக்க இடக்கை. தயாரிப்பில் எங்கோ பிசகியிருக்கிறது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அறையைக் காப்பாற்ற நானே மாற்றி வைத்தேன் என்பார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

மறுநாள் தராசு வந்தார். அவருடைய அம்மாவுக்கு நரம்பு நோய். அந்த மருந்தை முதலில் போட்டுப் பார்க்கும் நோயாளிகளில் அந்த அம்மாவும் ஒருவர்.

"அண்ணே, நாளைக்கு அம்மாவுக்கு முதல் ஊசி. மனசு கேக்கல. நீங்க ஒரு தடவை வெளிச்சத்துல பாத்துடுறீங்களா?"

வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து அம்மாவின் ஊசிச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நடிப்பில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

"பாத்துட்டேன் தம்பி. வலக்கைதான். தைரியமா போடச் சொல்லுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கலங்கிவிட்டேன். அந்த அம்மா மேல் எனக்குப் பாசம் உண்டு, ஐயா.

மறுநாள் ஊசி போட்டுக்கொண்ட யாரும் வீடு திரும்பவில்லை. தெரிந்துதான் சொன்னேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இனி ஒளிச் சோதனை இல்லாமல் ஒரு மருந்தும் வெளியே போகாது என்று உத்தரவு வந்துவிட்டது, அதையும் எழுதுங்கள். இதனால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று தராசு யோசிக்க மாட்டேன் என்கிறார். அவருடைய அம்மா இருந்திருந்தால் எடுத்துச் சொல்லியிருப்பார்.