மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம்

புருஷன் வீட்டில் செத்துப்போன அக்காவுக்குக் காரியம் முடித்துவிட்டு அரூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது; கரியில் ஓடுகிற வண்டி, ஏற்றத்தில் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒரு தாயும் மகளும், பக்கத்தில் சித்தேரி மலைக்காரம்மா ஒருத்தி. அடித்து விரட்டிய புருஷனிடமே மகளைத் திரும்ப விடப் போகிறாள் தாய். மகளின் கண் வீங்கியிருந்தது.

“எங்க மலையில ஒத்து வரலன்னா ஊரு கூடி அத்து வுட்ருவோம். பொண்ணு வேற ஆளக் கட்டிக்கும்” என்றாள் மலைக்காரம்மா.

“வெக்கம் மானம் இல்லியா உங்களுக்கு?” என்றாள் தாய்.

“இருக்குதும்மா. அதான் அடி வாங்கிக்கிட்டு அங்கயே கெடக்கறதில்ல.”

“பாவமில்லியா? எந்தச் சாமியக் கும்புடறீங்க?”

“பெருமாளத்தான்.”

“நாங்களும் அவரத்தான் கும்புடறோம். மேல ஒரு நாயம், கீழ ஒரு நாயம்னா சொல்லுவாரு?”

“அவரு எங்கம்மா சொன்னாரு? நாமதான் சொல்லிக்கிறோம்.”

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எனக்கு ஒண்ணும் வெளங்கல. எங்கூர்ல சிரிப்பாங்க. அதான் தெரியும்.”

வண்டி கிளம்பியது. அதுவரை பேசாத மகள் கேட்டாள்: “மலைக்குப் போவ எங்க எறங்கணுங்க?”

மலைக்காரம்மா தாயைப் பார்த்தாள்.

தாய் வெளியே பார்த்தபடி, “கேக்கறா இல்ல, சொல்லுங்க” என்றாள்.