அவள் சொன்னதை மட்டும் சொன்னேன்

ஒரு சொல்லும் ஒலிக்காமல், ஒரு விரல் அசைவிலேயே முந்நூறு பேரை ஒழுங்காய் அமர்த்திய, காதுகேளாத் தொழிலாளர் மன்றத்தின் தலைவர், அன்பிற்கும் ஆற்றலுக்கும் உரிய நம்பிராஜன் அவர்களே! முன்வரிசையை அழகு செய்யும் பெரியோர்களே! பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அதன் பசியையும் பயத்தையும் படித்தறிந்த தாய்மார்களே! முதல் ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் சுங்குவார்சத்திரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கும் தோழர்களே, தங்கைகளே! என் அடுக்குமொழியை எல்லாம் இரண்டு கைகளில் ஏந்திச் சுமக்கப்போகிற சைகை மொழிபெயர்ப்பாளர் சந்திரலேகா அவர்களே! அனைவருக்கும் இந்தக் குன்றத்தூர் ஜெபகுமாரின் களைத்த குரலில் ஒரு கனிந்த வணக்கம்.

கைதட்டுகிறீர்களா? வேண்டாம் ஐயா, பாதி மண்டபத்துக்குக் கேட்காது. இரு கைகளையும் உயர்த்தி அசையுங்கள். ஆம், அப்படித்தான். நாற்றங்காலில் காற்று புகுந்தது போல இருக்கிறது.

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்தேன். ‘கைக்குறிப்புப் பேச்சா? சைகை மொழியா? எது சிறந்தது?’ நடுவர் என்று என் பெயர். பகலில் பஸ் டெப்போவில் டைம் கீப்பர், மாலையில் பட்டிமன்ற மேடை என்று முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. எத்தனை தீர்ப்பு! எத்தனை பொன்னாடை! இன்று தீர்ப்புச் சொல்லத் தெம்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் பிரவீனா பிறவியிலேயே கேளாதவள். ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்ட என் குரல், என் வீட்டுத் தொட்டிலுக்குள் மட்டும் போகவில்லை. தாங்க முடியுமா ஒரு பேச்சாளனுக்கு? பேசவைத்தே தீருவேன் என்று புறப்பட்டேன்.

உதட்டைப் பார்த்துப் பழகட்டும் என்றார்கள். அதில் ஒரு சங்கடம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, குரலை விட்டுவிட்டு, ‘அப்பா’ என்று உதட்டை மட்டும் அசையுங்கள். இப்போது ‘அம்மா’ என்று அசையுங்கள். வேறுபாடு தெரிகிறதா? தெரியாது! அம்மாவும் அப்பாவும் ஒரே சொல்லாய்த் தெரிகிற உலகத்தில் என் குழந்தை நான்கு வருடம் வாழ்ந்தாள்.

அப்போதுதான் ஒரு பயிற்சியாளர் அம்மையார் கைக்குறிப்புப் பேச்சைச் சொல்லித்தந்தார். உதடு பேசும்போதே, முகத்தருகே கை ஒரு குறி காட்டும். ‘ப’வுக்கு ஒரு குறி, ‘ம’வுக்கு வேறு குறி. உதட்டையும் கையையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ் முழுதாய்த் தெரியும். என் மனைவி ரஞ்சனி ஓர் ஆண்டில் தேறினாள். நான் தடுமாறித் தடுமாறித் தேறினேன். மகளோ பன்னிரண்டு வயதில் செய்தித்தாளைப் பிழையின்றிப் படித்தாள். அந்த முறையை யாராவது பழித்தால் நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் அன்பர்களே, அந்த முறையில் அவளோடு பேச இந்த உலகத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? நான், அவள் அம்மா, அந்தப் பயிற்சியாளர். மூன்று பேர்! இருபத்திரண்டு வயது வரை மூன்றே பேர்!

படித்து முடித்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே லைனில் கேளாத பெண்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சைகை மொழிக்காரர்கள். அவர்களில் ஒருத்தி செல்லக்கனி, திருநெல்வேலிப் பக்கம், ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அந்தப் பெண் என் மகளை அருகில் அமர்த்திச் சைகை கற்றுக்கொடுத்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? என்னைத் தெரியும், அதனால் சொல்லவில்லை.

ஒருநாள் மாலை, நானும் ரஞ்சனியும் வல்லக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, இதே சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறோம். டீக்கடை வாசலில் என் மகள். தோழிகளுக்கு நடுவே கை பறக்கிறது, கண் சிரிக்கிறது, தோள் குலுங்குகிறது. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதே இல்லை. மகிழ்ந்திருக்க வேண்டாமா? நான் என்ன செய்தேன்? பதினெட்டு வருட உழைப்பைப் பாழாக்குகிறாளே என்று பாய்ந்து போய், அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். ஊர் பார்க்கப் பிடித்தேன்.

ரஞ்சனிதான் ஓடிவந்தாள். “இன்னாயா பண்ற நீ? கைய வுடு! பேசிகினு இருக்கிற பொண்ணு வாயப் பொத்துற மாதிரி கீது, வுடுய்யா!”

விட்டேன். அன்றிரவே பிரவீனா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. நான் மட்டும் மேடை மேடையாய் அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம் கைப்பேசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி. “அப்பா, நாளைக் காலை பத்து மணிக்குக் கம்பெனிக்கு வாருங்கள். உங்கள் குரல் வேண்டும். உங்கள் பேச்சு வேண்டாம்.”

போனேன். அங்கேதான் விஷயம் தெரிந்தது. செல்லக்கனி வேலை செய்த பிரஸ் மெஷினில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் தானாய் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கையால் பேசுகிறவளுக்கு இரண்டு விரல், ஐயா! ‘பின்னாலிருந்து கத்தினோம், அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை’ என்று அறிக்கை தயாராகிவிட்டது. பழி காதின் மேல் விழுந்துவிட்டது. வேலையும் போகும் நிலை. அதற்குத்தான் அன்று விசாரணை. செல்லக்கனிக்கு எழுத்துத் தமிழ் அவ்வளவு வராது. வந்திருந்த அதிகாரிகளுக்குச் சைகை தெரியாது.

எப்படி நடந்தது கேளுங்கள். கட்டுப்போட்ட கையோடு செல்லக்கனி சைகையில் சொன்னாள். பிரவீனா அதைப் பார்த்து, என் பக்கம் திரும்பி, கைக்குறிப்பில் தமிழாக்கினாள். நான் அதைக் குரலாக்கினேன். நான் வெறுத்த மொழி முதலில், நான் வளர்த்த மொழி அடுத்து, என் வாய் கடைசியில்!

“நான் செவ்வாய்க்கிழமை சொன்னேன்” என்றேன். “புதன்கிழமை சொன்னேன்” என்றேன். அடுத்த வரியில் பழக்கதோஷம் பிடித்துக்கொண்டது. “வியாழக்கிழமை கதறினேன்!” என்று குரலை ஏற்றிவிட்டேன்.

பிரவீனா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் பளாரென்று ஓர் அடி. பிறகு அவள் கை என் முகத்தை நோக்கி, எழுத்தெழுத்தாய்: “அவள் கதறவில்லை. சொன்னாள்.”

முப்பது வருட மேடையில் யாரும் என்னை அப்படி நிறுத்தியதில்லை. அதிகாரிகளிடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்திச் சொன்னேன். “வியாழக்கிழமையும் சொன்னேன். மெஷின் சில நேரம் நிற்கவில்லை என்று மூன்று நாளும் சொன்னேன். சூப்பர்வைசர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சரிசெய்துவிடுவார் என்று நம்பினேன்.”

சூப்பர்வைசர் பாண்டுரங்கன் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. தூக்கம் கெட்ட மனிதர். “ஆமா சார். மூணு நாளும் மெஷினக் காட்டி இன்னாவோ சொல்லிச்சு. எனக்குப் புரியல. டார்கெட் தலமேல நிக்குது, தொடர்ச்சியா ஓவர்டைம் வேற. ஓகேன்னு வெரலக் காட்டிட்டுப் போய்ட்டேன். அது காது கேக்காததால இல்ல சார். நான் நின்னு கேக்கல.”

அறிக்கை மாறியது. அந்த மெஷின் நிறுத்தப்பட்டது. செல்லக்கனி வேலையில் நீடிக்கிறாள், தரம் பார்க்கும் பிரிவில். எட்டு விரலில் பேசுகிறாள். சில சொற்களைப் புதிதாய் வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, தோழிகள் பழகிக்கொண்டார்கள். முதல் ஷிப்டுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார். இரண்டாவது ஷிப்டுக்கு இன்னும் இல்லை. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கால் வலிக்கிறது. ஆனாலும் கேட்போம். மாலை நான்கு மணிக்குமேல் மனிதர்களுக்கு மொழி தேவையில்லையா? மெஷினுக்கு இரவிலும் எண்ணெய் உண்டே, மனிதனுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லையா?

மகள் என்னோடு பேசுகிறாளா என்று கேட்கிறார் ஒரு தாய். பேசுகிறாள் அம்மா. பழையபடி ஆகிவிடவில்லை. ஞாயிறன்று வருகிறாள், சாப்பிடுகிறாள், அவள் அம்மாவோடு சிரிக்கிறாள். என்னோடு கொஞ்சம் கொஞ்சமாய்.

தீர்ப்புக் கேட்பீர்கள். சற்றுமுன் மண்டப வாசலில், இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணும் கேட்டாள். “சார், இதுக்குக் காது கேக்காதுன்ட்டாங்க. எத கத்துக்குடுக்கட்டும்? எது கரெக்டு?”

திருப்பிக் கேட்டேன். “உங்கள் வீட்டில் யார் யார் கற்றுக்கொள்வீர்கள்?”

“நான்தான் சார். அவரு நைட் ஷிப்டு, டயர்டா கீறாரு. மாமியாக்கு இதெல்லாம் வராது.”

தலைவர் அவர்களே, இதுதான் என் கவலை. உதட்டோடு கையா, கை மட்டுமா, இரண்டுமா? குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும், அதற்கு இரண்டு வாசலையும் திறந்து வையுங்கள். ஆனால் எந்த மொழியைக் கொடுத்தாலும் அதில் அவளுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா? அப்பன் வேண்டாமா? பாட்டி வேண்டாமா? பக்கத்து மெஷின்காரன் வேண்டாமா? ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழி உயிர்வாழுமா?

அந்தக் கணவர் இங்கே இருந்தால் அவருக்கு ஒரு சொல். தம்பி, எனக்கும் அலுப்புத்தான். ஐம்பத்தெட்டு வயது, விரல் வளையவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தின் மாடியில் சைகை வகுப்பு. நடத்துபவள் செல்லக்கனி. வகுப்பிலேயே மந்தமான மாணவன் நான், ‘தண்ணீர்’ என்பதையே மூன்று வாரமாய்த் தப்பாய்ச் செய்கிறேன். வெட்கப்படாமல் வாருங்கள். என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

பொறுமையாய்ப் பார்த்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும், தீர்ப்புச் சொல்லாத நடுவரை மன்னித்த மன்றத்தாருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.