கண் திறக்க வைத்த பிற்பகல்கள்

என் மனைவிக்குப் பகலில் தூங்கும் பழக்கமே கிடையாது. காய்ச்சலில் கிடந்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாளே தவிர, கண்ணை மூடமாட்டாள். உங்கள் விசாரணை அறிக்கையில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும்.

இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். ஜன்னல் இல்லாத அறை. முகத்தில் இறுக்கிக் கட்டிய காற்று முகமூடி, கழுத்தில் மருந்து ஏற்றும் குழாய். கட்டிலின் இரு பக்கமும் கம்பி, சுற்றிலும் திரை.

ஒருநாள் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். நோயைக் குணமாக்குகிறவர் இல்லையாம், வேதனையைத் தணிக்கிறவராம்.

"ஐயா, இந்த இதயத்தை இனி சரிபண்ண முடியாது. அம்மா மூச்சுக்குத் தவிக்காம இருக்கணும், அவ்வளவுதான். இந்த மருந்து போனா பயம் குறையும், கொஞ்சம் தூங்குவாங்க."

"சரிபண்ண முடியாதுன்னா கழுத்துல அந்தக் குழாய் எதுக்கும்மா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். திட்டு வாங்கிக்கொண்டும் சிரிக்கிற ஆளை நான் நம்புவதில்லை. தூங்கவைத்துக் கட்டிலைக் காலிபண்ணப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மகள் கெஞ்சினாள். "அம்மா பட்டது போதும்ப்பா. அவங்களே சரின்னு தலையாட்டிட்டாங்க." மகள் படித்தவள். படித்தவர்களை ஏமாற்றுவது சுலபம்.

மற்ற மருந்தெல்லாம் அளந்து செலுத்தும் மின்பெட்டி வழியாகப் போகும், தொட்டால் கத்தும். இதற்குப் பெட்டி மிச்சமில்லை என்று சாதாரணச் சொட்டாக மாட்டியிருந்தார்கள். குழாயில் ஒரு சின்னச் சக்கரம். ஆயுள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திருகியவனுக்கு அது பெரிய வேலையா? கூடவே இருக்கட்டும் என்று பிற்பகல் முழுவதும் என்னை உள்ளே உட்காரவிட்டார்கள், அந்த டாக்டர் சொல்லித்தான். திரையை இழுத்துவிட்டுச் சக்கரத்தை மூடுவேன். நர்ஸ் வரும் காலடி கேட்டால் திறந்துவிடுவேன்.

மூடிவைத்தால் மெல்லக் கண் திறப்பாள். நெற்றி வியர்க்கும், நெஞ்சு ஏறி இறங்கும். ஆனால் பார்வை என்னை விட்டு அசையாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் பேசுவேன், அவள் கேட்பாள். எதிர்ப்பேச்சு கிடையாது.

"ஐயா வந்தாத்தான் அம்மாவுக்கு மூச்சு முட்டுது," என்றாள் நர்ஸ். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மருந்தைக் கூட்டினார்கள். அதையும் மூடினேன்.

மகளுக்குப் பொறாமை. "உங்களைப் பார்த்தாலே அம்மா பதறுறாங்கப்பா. நாளையிலேர்ந்து நான் உட்கார்றேன்," என்றாள். டாக்டரிடமும் சொல்லிவிட்டாள். எனக்கு மிச்சம் அந்த ஒரு பிற்பகல்தான். அதனால் அன்று போனதுமே மூடினேன், திறக்கவே இல்லை. அவள் நிம்மதிக்காகத் தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் திரையின் எச்சரிக்கைச் சத்தத்தையும் ஏற்கனவே நிறுத்தி வைத்திருந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நீண்ட நேரம் போராடினாள். ஒரு கை கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே வந்தது. அங்கே தொங்கிய அழைப்பு மணியை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உருவப் பார்த்தாள். நான் விடவில்லை. மூச்சு அடங்கும்வரை விடவில்லை.

நர்ஸைக் கூப்பிடத்தான் கையை நீட்டினாள் என்கிறீர்கள். நான் பக்கத்திலேயே இருக்கும்போது அவளுக்கு மணி எதற்கு?