அரை நாள்கூடக் குறையாமல்

எனக்கு எழுத்து அழகாக வரும். இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். நீங்கள் டைப் செய்ய ஆள் தேட வேண்டாம்.

பெயின்ட் தொழிற்சாலையில் விடுப்புப் பிரிவு எழுத்தர் நான். பத்தொன்பது வருடமாக எல்லோருக்கும் 'லீவு சார்'. கேன்டீன்காரர் மட்டும், "லீவு சார் இருக்கிற எடத்துல சாகறதுன்னாலும் முன்கூட்டியே எழுதிக் குடுத்துடணும்ப்பா" என்பார். நானும் சிரிப்பேன். நல்ல மனிதர், விடுப்பே எடுக்க மாட்டார்.

உள்ளே எளிதில் தீப்பற்றும் தின்னர் ஆவி இருப்பதால் யாரும் கைபேசி கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். வீட்டிலிருந்து அவசரம் என்றால் என் மேஜைப் போனுக்குத்தான் வரும். நான் சீட்டில் நேரம் போட்டு எழுதுவேன், பியூன் கொண்டுபோய்க் கொடுப்பார்.

கலவைப் பிரிவு மேற்பார்வையாளரைக் 'கடிகாரம்' என்போம். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. எடுக்காத விடுப்பை, வேலையை விட்டுப் போகும்போது பணமாகக் கொடுப்போம்; சேர்த்து வைக்கக்கூடிய உச்ச அளவு முந்நூறு நாள். அதைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். ஐம்பத்தெட்டு வயதில் ராஜினாமாக் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, முந்நூறும் முழுசா கைக்கு வருமில்ல?"

"நோட்டீஸ் மாசத்துல அரை நாள் லீவு போட்டீங்கன்னாலும் பாதி போயிடும் சார். பார்த்துக்குங்க."

"நான் எதுக்குப் போடப் போறேன்? அவகிட்ட சொல்லிட்டேன், இந்தப் பணம் வந்ததும் கடலுக்குப் போறோம்னு. அவ இன்னும் கடலையே பார்த்ததில்ல தம்பி. வருஷா வருஷம் 'அடுத்த மாசம்'னே ஏமாத்திட்டேன்."

அவருடைய முந்நூறு நாளைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று அன்றே முடிவு செய்தேன்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் கிடங்குக் காப்பாளர் ஒருவர் நோட்டீஸ் மாதத்தில் இருந்தார். மாமியாருக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் வந்தது. சீட்டு அனுப்பினேன், ஓடினார். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாராம். பிறகு நான்கு வருடம் இருந்தார். இவருக்குப் பாதி விடுப்பு போனது. "சீட்டக் குடுத்து என் குடியக் கெடுத்தியேய்யா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அதை நான் மறக்கவில்லை.

கடிகாரத்தின் நோட்டீஸில் இருபத்திரண்டாம் நாள். காலை பதினொன்று இருபது. அவருடைய மகள் பேசினாள்.

"சார், அம்மா குளிக்கிற எடத்துல விழுந்துட்டாங்க. பேச்சு குழறுது. அப்பாவ உடனே அனுப்புங்க சார், கார் அவர்கிட்டதான் இருக்கு."

சீட்டு எழுதினேன். மடித்தேன். பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடி வந்தது.

"சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லியாச்சும்மா. கிளம்பிட்டார்."

"வாடகை வண்டி ஏதாவது கூப்பிடவா சார்? இல்ல அப்பா வந்துருவாரா?"

"வந்துருவார்மா. எதுக்கு வீண் செலவு?"

விசாரணையில் நீங்கள் நோட்டீஸ் மாத விதியில் ஓர் உட்பிரிவைக் காட்டினீர்கள். மருத்துவ அவசரம் என்றால், மேலாளர் அனுமதியுடன் விலக்கு உண்டு. எனக்குத் தெரியும், அதை டைப் அடித்ததே நான்தான். மேலாளர் அன்று ஒரு மணிக்குத்தான் வருவதாக இருந்தார். வந்ததும் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

ஒன்று நாற்பதுக்கு ஒருமுறை மணி ஒலித்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பிறகு போன் வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வகையில் தீர்ந்துதான் இருந்தது.

கடிகாரம் வழக்கம்போல் ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மனைவி இறந்தால் மூன்று நாள் துக்க விடுப்பு உண்டு. அது தனிக் கணக்கு, சேமிப்பைத் தொடாது. அவர் கேட்காமலே நான் விண்ணப்பம் தயார் செய்து வைத்தேன். திரும்பி வந்தவர் சீட்டைப் பற்றிக் கேட்டார். பியூனிடம் கொடுத்ததாகவும், கிளம்பியிருப்பார் என்று நம்பித்தான் மகளிடம் அப்படிச் சொன்னதாகவும் சொன்னேன். பியூனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவருக்குப் பதினொரு நாள் விடுப்பு மீதி இருந்தது, அதையும் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தேன். நான் யாருடைய விடுப்பையும் தின்றவன் அல்ல.

கடைசி நாளன்று ஃபைலைக் கடிகாரத்தின் முன்னால் வைத்தேன். காசோலை மேலே இருந்தது. கையெழுத்துப் போடுமுன் பக்கங்களைப் புரட்டினார். முப்பத்தொரு வருடம் கலவைச் சீட்டுகளைச் சரிபார்த்தவர், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்தச் சீட்டு இருந்தது. நான்தான் வைத்தேன். நோட்டீஸ் மாதத்தில் விடுப்பு எடுக்கவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? ஃபைலில் வைக்கும் எந்தக் காகிதத்திலும் குறிப்பு எழுதுவது என் வழக்கம். இதிலும் ஓரத்தில் எழுதியிருந்தேன்: 'மணி 11.20. அனுப்பவில்லை. விடுப்புப் பாதிக்கும்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"தம்பி, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"மதியம் வரைக்கும் வாசலப் பார்த்துக்கிட்டே இருந்தாளாம்."

நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காசோலையையும் தொடவில்லை. எழுந்து போய்விட்டார்.

நீங்கள் கேட்பதை ஒப்புக்கொள்கிறேன். சீட்டை அனுப்பாதது நான். கிளம்பிவிட்டார் என்று பொய் சொன்னது நான். வண்டி கூப்பிட வேண்டாம் என்றதும் நான்தான். பியூனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவரை ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் வாங்காவிட்டால் முந்நூறு நாளும் காலாவதியாகிவிடும். அதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.