துணிக்கு மேலே எதுவுமில்லை

உறுதியாகிவிட்டது, பெஹாலா நவதரங்க சங்கத்தின் இந்த ஆண்டு துர்க்கா பூஜைப் பந்தலின் கரு அண்டவெளிதான், அதுவும் ஓர் உருண்டைகூட இல்லாமல், இதோ இந்த நொடி திறக்கிறது!

தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் ஹிமாத்ரி தா அவர்களே, செயலாளர் நிர்மால்ய தா அவர்களே, முன்வரிசையைப் பிடித்துவிட்ட காக்கிமா சித்திகளே, அலைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

பொருள் என்பது என்ன? வெளியின் மேல் யாரோ இறக்கிவைத்த சரக்கா? இல்லை, வெளி தன்னைத்தானே மடித்து, முறுக்கி, முடிந்துகொண்ட கோலமா? கோலமாக இருக்கலாம் என்பது ஓர் எண்ணம். நிரூபணம் கேட்டால் கைவிரிப்பேன். அழகுக்கு நிரூபணம் வரும்வரை பந்தல் காத்திருக்குமா?

ஆகவே ஒரே துணி. அதில் இரண்டு வாய். பின்பக்கம் இரண்டையும் இணைக்கும் ஒரு குட்டித் துணிக்குழாய். சிவப்பு நூல்கள் ஒரு வாயில் புகுந்து மறுவாயில் விரியும்; எட்ட நின்று பார்த்தால் ஒவ்வொரு வாயும் ஓர் அணு. தைத்தவர் நம் அக்கா சுதபா தி. தைத்து முடித்த அன்றே நிர்மால்ய தா வந்தார், மூட்டை நிறைய தெர்மோகோல் உருண்டைகளோடு.

"ஏய் டுக்காய், உருண்டை வைக்காம எது அணுன்னு ஜனங்களுக்கு எப்படிடா தெரியும்? வை. இல்லேன்னா போன வருஷத்து ராஜஸ்தான் அரண்மனையவே மறுபடி கட்டிடுவோம்."

"தா, இந்தப் பக்கம் ஏற்கெனவே ஏகப்பட்ட அரண்மனை நிக்குது. ராஜாதான் பத்தல" என்றேன் நான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஓராண்டுக் கனவு ஓர் உருண்டையோடு உருண்டுபோகப் பார்த்தது.

அவர் துணியை முறைத்தார். "அட, இங்க ஒண்ணு ஒட்டித்தானே வச்சிருக்கீங்க. நூலெல்லாம் அதுலேர்ந்துதானே வருது." வாயை உருண்டையென்று எண்ணிப் பிடுங்கப் போனார். முழங்கைவரை கை உள்ளே போனது. பிடிக்க ஒன்றுமில்லை. மறுவாயில் அவர் விரல்கள் முளைத்தன. சுதபா தி அதில் ஒரு சந்தேஷ் இனிப்பை வைத்தார்.

"சாப்பிடுங்க தா. அணுவோட பிரசாதம்."

வாயோரம் நான் ஒரு சாமந்தி இதழைப் போட்டேன். சறுக்கி உள்ளே போனது. இழுத்தது யார்? யாருமில்லை. துணி வளைந்தது, இதழ் வழுக்கியது. ஈர்ப்பும் இப்படித்தான்.

கையை எடுக்காமலே நிர்மால்ய தா சொன்னார்: "மூட்டைய திருப்பி அனுப்புடா."

(பின்வரிசையின் கேள்விக்குப் பதில்: சந்தேஷில் எங்களுக்குப் பங்கு தரவில்லை.)

மலையும் மடிப்பு, மனிதனும் மடிப்பு, மாதாவின் மண்சிலையும் மடிப்பு என்றால், பிரித்துப் பேச இங்கே யார் உண்டு? இதைத் தைத்துக் காட்டியது எந்த ஊர்? நம் பெஹாலா! எந்தச் சந்து? நம் சந்து!

வாருங்கள், வாய்க்குள் கையை விடுங்கள். மறுபக்கம் எந்தக் கை பிடிக்கிறதோ அவரோடு படமெடுத்துப் பகிருங்கள். நன்றி. பூஜை வாழ்த்துகள்.