பத்தாவது நாக்கு

அந்தப் பூசணி சூப் மஞ்சளா, ஆரஞ்சா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நிறம் நாக்கை ஏமாற்றும் என்பதால் எங்கள் ஆலையின் சுவைக்கூடத்தில் சிவப்பு விளக்குதான் எரியும். மற்றவற்றையும் நான் மாற்றி நினைத்திருக்கலாம், நீதிபதி அம்மா. ஆனால் சோவாஸிக் சொன்னது நினைவிருக்கிறது.

“கசக்குது முசியே. நாலாவது கிண்ணம் ரொம்பவே கசக்குது.”

அவளோடு சேர்த்துச் சுவைப்பவர்கள் பத்துப் பேர். மற்ற ஒன்பது பேருக்கும் கசக்கவில்லை. அவர்களில், முன்பு கசாப்புக் கடை வைத்திருந்த க்வெனாயெல் சிரித்தார்.

“காலையிலயே புருசனோட சண்டை போட்டுட்டு வந்தா சூப்பு இனிக்குமா?”

என் வேலை எளியது. நாக்குகள் தந்த மதிப்பெண்கள் ஒரு கூட்டம். ஆய்வகம் அளந்து அனுப்பும் எண்கள் இன்னொரு கூட்டம். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று கணக்கிட்டு ஒரே படத்தில் காட்டுவேன். சோவாஸிக்கால் படம் கோணியது. ஒரு நாக்குக்காக ஒன்பது பேரின் ஒற்றுமையைக் கெடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஊரோடு ஒத்துப்போகாத நாக்கை நீக்குவது எங்கள் தொழிலில் வழக்கம். நீக்கினேன்.

அதன்பின் ஆய்வகம் அளந்த ஒரு பொருள், எவர் நாக்கோடும் சேராமல் தனியாக நின்றது. சில பூசணிகளில் ஊறும் நச்சுக் கசப்பு அது. சோவாஸிக் கசப்புக்குத் தந்த மதிப்பெண் ஏறிய கிண்ணங்களில்தான் அதுவும் ஏறியிருந்தது. அதைப் பார்த்தேன். துணையில்லாத எண் என்று அதையும் நீக்கினேன். படம் நேரானது. ரென் நகரக் கருத்தரங்கில் காட்டியபோது நெடுநேரம் கைதட்டினார்கள்.

சூப் முதியோர் இல்லங்களுக்குப் போனது. வயதானவர்களின் நாக்கு மங்கியிருக்கும், குடித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார், சோவாஸிக்கின் அம்மா. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாக்கு. அன்று பக்கத்தில் இருந்தவள் சோவாஸிக்தான். “உங்கள் நாக்கை இனி நம்ப முடியாது” என்று சொல்லி நான் அவளை அனுப்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

“எனக்கும் இப்படித்தாம்மா, இல்லாத கசப்பெல்லாம் தெரியுது. நம்ம நாக்கு பொய் சொல்லுது. குடிச்சிரு.”

அப்படிச் சொல்லி ஊட்டியதாக அவளே என்னிடம் வந்து சொன்னாள். நான் நீக்கிய அந்த எண்ணை அவளிடம் காட்டவில்லை.

மூன்று பேர் இறந்தார்கள். அந்த அம்மாவும் அதில் ஒருவர். ஆலை இப்போது கேரட் சூப் செய்கிறது. க்வெனாயெல் இன்னும் சுவைக்க வருகிறார். எதைத் தின்றாலும் ருசி தெரியவில்லை என்கிறாள் சோவாஸிக். நான் இங்கே உங்கள் முன் இருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: அவள் நாக்கை மதித்தவன் நான் ஒருவன்தான். அது பொய் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.